பையை யார் பிடிப்பது?

"கூட யார் வந்தது?"

ஜப்பானுக்குப் போய்விட்டு வந்த ஒருத்தியிடம் கேட்க எத்தனையோ இருக்கின்றன. குளிர் எப்படி, சாப்பாட்டுக்கு என்ன செய்தாய், புஜி மலை தெரிந்ததா, எவ்வளவு செலவானது. 2019 நவம்பரில் நான் ஒரு வாரம் டோக்கியோ போய் வந்தபோது அலுவலகத்திலும் தெருவிலும் கல்யாண வீட்டிலும் முதலில் வந்தது இந்தக் கேள்விதான். யாரும் வரவில்லை என்றால் அடுத்தது, "ஆபீஸ் வேலையா?" இல்லை. "அங்க சொந்தக்காரங்க இருக்காங்களா?" இல்லை. "அப்ப எதுக்குப் போன?" டிஸ்னிஸீ பார்க்கப் போனேன். ராட்டினம் ஏறப் போனேன்.

எனக்கு அப்போது நாற்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை இல்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் 'பாவம், பிள்ளைக்காக எவ்வளவு செலவு பண்றா' என்றிருப்பார்கள். புருஷனோடு என்றால் 'கொடுத்து வைத்தவள்'. காசிக்கோ ராமேஸ்வரத்துக்கோ தனியாகப் போயிருந்தால்கூடப் புண்ணியம் என்ற கணக்கில் சேர்ந்திருக்கும். ஒரு பெண் வீட்டைவிட்டு வெளியே கால் வைக்க ஒரு காரணச் சீட்டு வேண்டும். படிப்பு, வேலை, ஆஸ்பத்திரி, கோயில், காய்கறி, பிள்ளை. 'எனக்கு ஆசையாக இருந்தது' என்பதை அந்தச் சீட்டில் எழுத முடியாது. அதற்கு அதில் கட்டமே கிடையாது.

'துணைக்கு யார்?' என்பது பாதுகாப்புக்காகக் கேட்கிற கேள்வி என்று இன்னமும் நம்புகிறவர்கள், தங்கள் வீட்டில் 'துணை' என்று யாரை அனுப்பினார்கள் என்று கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும். நான் பதினேழு வயதில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனபோது எனக்குத் துணையாக வந்தவன் என் தம்பி. அவனுக்கு அப்போது எட்டு வயது. ரோட்டைக் கடக்கும்போது நான்தான் அவன் கையைப் பிடித்துக்கொள்வேன். எவனாவது வம்பு செய்தால் அந்த எட்டு வயதுப் பையன் என்ன செய்திருப்பான்? ஒன்றும் செய்திருக்க முடியாது. அவன் என்னைக் காப்பாற்ற வரவில்லை. இவள் சும்மா சுற்றவில்லை, இவளுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது என்று ஊருக்குக் காட்டும் அடையாள அட்டையாக வந்தான்.

இந்தக் கேள்விகளைவிட எனக்கு எரிச்சல் தருவது பாராட்டு. "உனக்கு ரொம்ப தைரியம்ப்பா." சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் நான் செய்தது என்ன? விமானத்தில் ஏறி உட்கார்ந்தேன். ரயிலில் போனேன். ஒரு டிக்கெட் வாங்கினேன். வரிசையில் நின்றேன். இதே பயணத்தை என் தம்பி செய்தால் 'டூர் போனான்' என்பார்கள், அதோடு முடிந்தது. அவனை யாரும் தைரியசாலி என்று சொல்லப் போவதில்லை. ராட்டினம் ஏறுவதை எனக்கு மட்டும் வீரச் செயலாக்கிவிட்டால், மற்ற பெண்கள் அதைச் செய்யாமல் இருப்பது இயல்பாகிவிடுகிறது. 'எனக்கு உன்ன மாதிரி தைரியம் இல்லப்பா' என்று ஒவ்வொருத்தியும் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்காரலாம். அவளை உட்கார வைத்தவர்களை யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை.

இன்னொரு தரப்பும் இருக்கிறது, நம் தரப்பு. "டிஸ்னியா? நீயா?" என்று கேட்ட தோழர்கள். இளவரசிக் கதைகளை விற்றுப் பிழைக்கிற கம்பெனிக்கு ஒரு பெண்ணியவாதி காசு கொடுக்கலாமா என்பது அவர்கள் கவலை. அந்தக் கம்பெனியின் கதை எனக்கும் தெரியும். ஓவியம் படைக்கும் வேலை இளைஞர்களுக்கு மட்டும்தான், பெண்களுக்கு மையிட்டு வண்ணம் தீட்டும் பிரிவில்தான் இடம் என்று 1938-இல் வேலை கேட்ட ஒரு பெண்ணுக்கு அந்த ஸ்டுடியோவிலிருந்து கடிதம் போனது. கலிஃபோர்னியாவில் 1967-இல் திறந்த கடற்கொள்ளையர் சவாரியில், பெண்களைக் கயிற்றில் கட்டி நிறுத்தி மணப்பெண்களாக ஏலம் விடும் காட்சி ஒன்று இருந்தது. படகில் போகிற குடும்பங்கள் அதைப் பார்த்துச் சிரித்தபடி கடந்து போனார்கள். அதை மாற்ற 2018 வரை ஆனது. ஐம்பத்தொரு வருஷம்! இதையெல்லாம் எழுத வேண்டும், எழுதுவோம். ஆனால் ஐபிஎல் நடக்கும் இரண்டு மாதமும் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் தோழரிடம், அந்தக் கிரிக்கெட்டின் முதலாளி யார் என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? ஆணின் பொழுதுபோக்கு பொழுதுபோக்காகவே இருந்துவிடுகிறது. பெண்ணின் பொழுதுபோக்குக்கு மட்டும் அரசியல் தேர்வு வைத்து மார்க் போடுகிறோம். 'எதுக்குப் போன?' என்று கல்யாண வீட்டுப் பெரியம்மா கேட்டதற்கும் இதற்கும் மொழி வேறு, அவ்வளவுதான்.

டிஸ்னி பூங்கா எப்படிப் பிறந்தது என்று அவர்களே பெருமையாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. வால்ட் டிஸ்னி தன் இரண்டு பெண் குழந்தைகளை லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கிரிஃபித் பார்க்குக்குக் கூட்டிப்போவார். குழந்தைகள் குதிரை ராட்டினத்தில் சுற்றுவார்கள். இவர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறிப்பார். சலிப்பாக இருக்கும். குழந்தைகளோடு பெற்றோரும் சேர்ந்து மகிழ்கிற மாதிரி ஓர் இடம் இருந்தால் என்ன என்று அங்கேதான் அவருக்குத் தோன்றியதாம். 1955 ஜூலை 17 அன்று அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தது.

நான் இந்தக் கதையை முதன்முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன். ஓர் அப்பா சில சனிக்கிழமைகள் பெஞ்சில் உட்கார்ந்து சலித்துப்போனார், உலகத்துக்கு ஒரு தொழிலே கிடைத்தது. எத்தனை தலைமுறை அம்மாக்கள் எத்தனை பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்! அவர்களுக்கும் சலித்திருக்கும். அவர்கள் கையில் முதலீடு இல்லை, பை இருந்தது.

பை என்றால் என் அம்மாவின் ஒயர்கூடை. மதுரையில் சித்திரைத் திருவிழா முடிந்ததும் தமுக்கத்தில் பொருட்காட்சி பார்க்கப் போவோம். அப்பா, தம்பி, நான், சித்தி பிள்ளைகள், அம்மா. கூடையில் தண்ணீர் பாட்டில், புளியோதரைப் பொட்டலம், தம்பிக்கு மாற்று டவுசர். ராட்டினத்தின் முன்னால் வந்ததும் அப்பா சட்டைப் பையிலிருந்து சில்லறையையும் மூக்குக்கண்ணாடியையும் எடுத்து அம்மாவிடம் கொடுப்பார். நாங்கள் செருப்பைக் கழற்றி அம்மா காலடியில் போடுவோம். பிறகு எல்லாரும் மேலே. மேலேயிருந்து பார்த்தால் டெல்லி அப்பளக் கடை வெளிச்சத்தில் அம்மா தெரிவாள். ஒரு தோளில் கூடை, மறு கையில் அப்பாவின் கண்ணாடி, காலைச் சுற்றி ஐந்து ஜோடிச் செருப்பு. நாங்கள் கையாட்டுவோம். அவளும் ஆட்டுவாள், கண்ணாடி பிடித்த கையால்.

"நீங்களும் வாங்கம்மா" என்று நான் கூப்பிட்டதுண்டு. "எனக்குத் தல சுத்தும், நீங்க போங்க" என்பாள். வருஷா வருஷம் இதே பதில். அம்மாவுக்குத் தலை சுற்றும் என்பது எங்கள் வீட்டில் சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி. ஒருமுறைகூட ஏறாதவளுக்குத் தலை சுற்றும் என்று எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்டதில்லை.

டிஸ்னிஸீக்கு வருகிறேன். பெயரில்தான் டோக்கியோ, இருப்பது பக்கத்து சிபா மாநிலத்தில், உராயாசு என்ற ஊரில். டோக்கியோ ஸ்டேஷனிலிருந்து கெய்யோ லைன் ரயில், மைஹாமாவில் இறங்க வேண்டும். 1983-இல் அங்கே டிஸ்னிலேண்ட் வந்தது. அதன் பக்கத்திலேயே, கடலையும் துறைமுகங்களையும் வைத்து 2001-இல் திறந்ததுதான் டிஸ்னிஸீ. நான் போனபோது ஒருநாள் டிக்கெட் 7,500 யென், நம் பணத்தில் ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கவுன்டரில் ஒரு விரலைக் காட்டினேன். உள்ளே இருந்த பெண் டிக்கெட்டை இரண்டு கைகளாலும் நீட்டித் தலை குனிந்தாள். வேறு கேள்வி இல்லை. பயண ஏற்பாடுகளுக்காக நம் ஊர் ஏஜென்ட் ஒருவரிடம் போனபோது, என் சம்பளச் சீட்டைப் பார்த்த பிறகும் "அப்பா நம்பர் குடுங்க மேடம்" என்றார். அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

அங்கே 'சிங்கிள் ரைடர்' என்று ஒரு வழி இருக்கிறது. இண்டியானா ஜோன்ஸ் சவாரியின் வண்டியில் மூன்று வரிசை, வரிசைக்கு நாலு பேர். மூன்று பேராக ஒரு குடும்பம் வந்தால் ஒரு இடம் காலியாகும். அந்த இடத்துக்கு வரிசைக்கு வெளியே நிற்கும் தனி ஆளைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். பெரிய வரிசையில் ஒன்றரை மணி நேரம் என்று பலகை சொல்லிக்கொண்டிருந்தது. நான் இருபது நிமிடத்தில் உள்ளே போய்விட்டேன். குகைக்குள் வண்டி குலுங்க, பக்கத்தில் யாரோ ஒரு அப்பாவும் இரண்டு பையன்களும் அலற, நானும் அலறினேன். இறங்கியதும் மறுபடி போனேன். யாரிடமும் 'இன்னொரு தடவை போகலாமா' என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அது இருக்கிறதே, அந்தச் சுகம், அதைச் சொல்ல எனக்குச் சரியான வார்த்தை வரவில்லை. நாற்பத்தொரு வருஷத்தில் நான் ஒரு ஆசையை அது தோன்றிய அதே நிமிடத்தில் நிறைவேற்றிக்கொண்டது அதுதான் முதல் தடவையோ என்னவோ.

தனியாக வருகிறவர்களை ஜப்பானில் கடைக்காரர்கள் 'ஒஹிதோரிசாமா' என்பார்கள். 'ஹிதோரி' என்றால் ஒற்றை ஆள். முன்னால் ஒரு 'ஒ', பின்னால் ஒரு 'சாமா', இரண்டுமே மரியாதைக்குச் சேர்ப்பவை. தமிழில் சொன்னால் 'தனியாக வந்திருக்கும் பெரியவங்களே' என்பது மாதிரி. ஜப்பானியப் பெண்ணியச் சமூகவியலாளர் உஎனோ சிஸுகோ இந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்து, பெண்கள் தனியாக முதுமையை வாழ்வது பற்றி 2007-இல் எழுதிய புத்தகம் அங்கே லட்சக்கணக்கில் விற்றது. நம்மிடம் இருக்கும் சொற்களைப் பாருங்கள். ஒண்டிக்கட்டை, முதிர்கன்னி, வாழாவெட்டி, அறுதலி. கட்டை என்றும் வெட்டி என்றும் சொல்லாமல் தனியாக இருக்கும் பெண்ணைக் குறிக்க நம் பேச்சில் ஒரு சொல் இல்லை. தமிழின் தொன்மை பற்றி மேடை மேடையாகப் பேசுகிறவர்கள் இதற்கு ஒரு நல்ல சொல் கண்டுபிடித்துத் தந்தால் நன்றாக இருக்கும்.

பிற்பகலில் 'ரேஜிங் ஸ்பிரிட்ஸ்' என்ற ரோலர் கோஸ்டர் பக்கம் போனேன். தலைகீழாக ஒரு சுற்று சுற்றி வரும். 117 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தைகளை விடமாட்டார்கள். அதன் எதிரே பெஞ்சில் ஒரு பெண், மடியில் தூங்கும் மூன்று வயதுக் குழந்தை, பக்கத்தில் மூன்று பைகள். "தமிழா?" என்று அவரே கேட்டார். நான் போனில் அம்மாவிடம் பேசியது காதில் விழுந்திருக்கிறது. கணவர் ஐடி வேலையாக வந்தவர், நிஷிகசாயில் வீடு. அந்தப் பகுதியில் இந்தியக் குடும்பங்கள் நிறைய. கணவரும் பெரிய பையனும் உள்ளே போயிருந்தார்கள்.

"தனியாவா வந்தீங்க?" என்றார். அந்தக் கேள்வியை அதுவரை கேட்டவர்கள் எல்லாரும் ஒரு தினுசாகக் கேட்டார்கள், இவர் வேறு மாதிரி கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாருக்கா?" என்றார். ரோலர் கோஸ்டரைக் கேட்டாரா, தனியாக வந்ததைக் கேட்டாரா தெரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்து நல்லாருக்கு என்றேன். நீங்கள் ஏறவில்லையா என்றதற்கு, "பயம்னு சொல்லிட்டேன்" என்றார்.

'பயம்' என்று சொல்லவில்லை, கவனியுங்கள். 'பயம்னு சொல்லிட்டேன்.' பிறகு அவரே விளக்கினார். காலேஜ் படிக்கும்போது சென்னையில் ஒரு பார்க்கில் இதே மாதிரி ஒன்றில் ஒரே நாளில் நாலு தடவை ஏறியவராம். "இப்ப நான் ஏறணும்னா பாப்பாவ யார் பாக்குறது, பைய யார் பாக்குறது, பேச்சு வளரும். பயம்னுட்டா முடிஞ்சுது."

பெற்றோரில் ஒருவர் குழந்தையோடு வெளியே இருந்து, மற்றவர் இறங்கியதும் மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளும் ஏற்பாடு அந்தப் பூங்காவிலேயே இருக்கிறது. அதை அவரிடம் சொன்னேன். அவருக்கும் தெரிந்திருந்தது. கணவர் வந்ததும் நானே கேட்டேன், "நான் பாப்பாவையும் பையையும் பார்த்துக்கிறேன், இவங்க ஒரு தடவை போயிட்டு வரட்டுமே." அவர் மோசமான மனிதர் இல்லை. சிரித்துக்கொண்டே, "அவளுக்கு இதெல்லாம் பயங்க" என்றார். பிறகு, "பாப்பா எழுந்தா அழுவா." அந்தப் பெண் என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார், விடுங்கள் என்கிற மாதிரி. பைகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

யாரும் யாரையும் தடுக்கவில்லை, அதட்டவில்லை. கணவர் நாளை அலுவலகத்தில் 'வொய்ஃபுக்கு ரோலர் கோஸ்டர்னா பயம்' என்று உண்மையாகவே நம்பிச் சொல்வார். பையன் அதைக் கேட்டு வளர்வான், அம்மாக்கள் பயந்தவர்கள் என்று தெரிந்துகொள்வான். அந்தக் குழந்தையும் பெண்தான். பெண்களின் பயம் என்று ஊரில் சொல்லப்படுவதில் எவ்வளவு இப்படி வீட்டு அமைதிக்காகத் தயாரிக்கப்பட்டது என்று யாராவது அளந்து பார்த்தால் தேவலை. எனக்குப் பிடிக்காது, எனக்குப் பசிக்கலை, எனக்குத் தூக்கம் வரலை, எனக்குத் தலை சுத்தும். இருப்பதைக் குறைவாகப் பங்கிட வேண்டிய இடத்தில் தன் பங்கு வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுகிறவளுக்கு நாம் 'தியாகி' என்று பட்டம் கொடுத்திருக்கிறோம். எனக்கு அந்தப் பட்டம் வேண்டாம். அதைக் கொடுக்கிறவர்கள்தான் பையில்லாமல் மேலே சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஊருக்கு வந்தபின் அம்மாவிடம் கேட்டேன், உங்களுக்கு உண்மையிலேயே தலை சுற்றுமா என்று. எழுபது வயதில் அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஆறு டிக்கெட்டுக்குக் காசு இருக்காதுடி."

அந்த நாளில் நான் பார்த்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டிஸ்னிஸீயில் 'டஃபி' என்று ஒரு கரடி பொம்மை. முப்பது, நாற்பது வயதுப் பெண்கள் அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதற்குத் தொப்பி, கோட்டு. உணவகத்தில் எதிர் நாற்காலியில் உட்கார வைத்து, தங்கள் பாஸ்தாவோடு படம் எடுக்கிறார்கள். ஜோடி ஜோடியாகத் தோழிகள் ஒரே மாதிரி உடுத்தி வருகிறார்கள். தனியாக வந்தவர்களும் ஏராளம். முதலில் எனக்கே சிரிப்பு வந்தது. அப்புறம், இவர்களைப் பார்த்து ஏன் சிரிக்க வேண்டும் என்று தோன்றியது. ஐம்பது வயதில் நடிகரின் கட்டவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்து, அதிகாலைக் காட்சியில் பேப்பர் கிழித்துத் தூவும் அண்ணன்களை நாம் குழந்தைத்தனம் என்று சொல்வதில்லை, ரசிகர் என்கிறோம். துறைமுகம் போலக் கட்டியிருந்த நீர்க்கரையில் பாப்கார்ன் டப்பாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு கிளாஸ் பீர் வாங்கி, இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் ஒரு வயதான அம்மா தனியாகக் கரடியோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலை குனிந்தார். நானும் குனிந்தேன். வேறொன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத இரண்டு மணி நேரம்.

பூங்கா இரவு பத்துக்கு மூடியது. ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து விடுதிக்குப் பதினைந்து நிமிடம் நடந்தபோது மணி பதினொன்றரை. சாவியை விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொள்ளாமல் நடந்தேன்.

உடனே 'ஜப்பான் சொர்க்கம்' என்று யாரும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். அதே ரயில்களில் 2000-களின் தொடக்கத்திலிருந்து பெண்களுக்குத் தனிப் பெட்டிகள் விட வேண்டியிருந்தது, நெரிசலில் கை வைக்கும் ஆண்களால். அங்கே விற்கும் செல்போன்களில் கேமராச் சத்தத்தை நிறுத்த முடியாது, ஏனென்றால் பாவாடைக்கடியில் படம் எடுக்கிறவர்கள் அவ்வளவு பேர். பெண்கள் நிறையப் பேர் டாக்டராகிவிடக் கூடாது என்று டோக்கியோவில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வு மதிப்பெண்களையே குறைத்தது 2018-இல் வெளியே வந்தது. வேலைக்கு ஹை ஹீல்ஸ் கட்டாயம் என்பதை எதிர்த்து இஷிகாவா யூமி 2019-இல்தான் இயக்கம் தொடங்கியிருந்தார். நான் போய் வந்த அடுத்த மாதம் வெளியான உலகப் பொருளாதார மன்றத்தின் பாலின இடைவெளிப் பட்டியலில் 153 நாடுகளில் ஜப்பான் 121-ஆவது இடம். இந்தியா 112. ஆமாம், நமக்குக் கீழே. அங்கே 2016-இல் எடுத்த கணக்குப்படி, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் மனைவி ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம் வீட்டையும் குழந்தையையும் பார்க்கிறாள், கணவன் 83 நிமிடம். ஆக, நிஷிகசாய்க்காரர் ஊரோடு ஒத்துத்தான் வாழ்கிறார்.

அந்த ஒரு நாளின் சுதந்திரத்தை எனக்கு யாருடைய பண்பாடும் தரவில்லை. சம்பளம், விடுப்பு, வீட்டில் சோற்றுக்கு என்னை எதிர்பார்த்து யாரும் இல்லாத நிலை, நள்ளிரவு வரை ஓடும் ரயில், வெளிச்சமான தெரு, சுத்தமான கழிப்பறை. இதில் ஒன்று குறைந்திருந்தாலும் என் தைரியம் எதற்கும் உதவியிருக்காது. இந்தியாவில் அதே 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்கு அதில் செலவிடுவது 299 நிமிடம், ஆண்கள் 97. அந்த இருநூறு நிமிட வித்தியாசத்தை வைத்துக்கொண்டு பெண்களுக்குத் தைரியம் வளர்ப்பது எப்படி என்று கருத்தரங்கம் நடத்துகிறோம்.

'ஐயாயிரம் ரூபாய் டிக்கெட், விமானக் கட்டணம், இது வசதியுள்ளவர்களின் பெண்ணியம்' என்று சொல்வீர்கள். சரி, டிஸ்னியை விடுங்கள். டவுன் பஸ்ஸுக்கு வருவோம். 2021-இல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று அறிவித்ததும் எழுந்த முணுமுணுப்பை நினைவிருக்கிறதா? "பொம்பளைங்க வேலை வெட்டி இல்லாம சும்மா சுத்துறாங்க." டீக்கடையிலும் பஸ்ஸிலும் இதைக் கேட்டேன், படித்தவர்கள் வாயிலும் கேட்டேன். ஆதரித்துப் பேசியவர்கள் என்ன சொன்னார்கள்? இல்லை இல்லை, வேலைக்குத்தான் போகிறார்கள், படிக்கத்தான் போகிறார்கள், மிச்சமாகும் காசைக் குடும்பத்துக்குத்தான் செலவு செய்கிறார்கள். எல்லாம் உண்மை. ஆனால் ஏன் பதறிப்போய் இதையெல்லாம் சொல்ல வேண்டும்? சும்மா சுற்றினால்தான் என்ன? அந்த டீக்கடையில் காலை ஏழு மணியிலிருந்து உட்கார்ந்து இதைச் சொல்கிறவர் அங்கே என்ன காரணச் சீட்டோடு வந்திருக்கிறார்?

மும்பையில் ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் பெண்கள் பொதுவெளியில் வெறுமனே நிற்கும் உரிமை பற்றி 2011-இல் ஒரு புத்தகமே எழுதினார்கள். பாதுகாப்பை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், பாதுகாப்பு வீட்டுக்குள்தான் இருக்கிறது என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார்கள் என்பதை அவர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள்.

போன கோடையில் எங்கள் ஊர்ப் பொருட்காட்சிக்கு நான் தனியாகப் போனேன். ராட்டின டிக்கெட் கொடுக்கிறவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "எத்தனை பேர்க்கா?" என்றார். ஒரு ஆள் என்றேன். "இன்னொரு லேடீஸ் வரட்டும், சேத்து உக்கார வைக்கிறேன்" என்று நிறுத்தினார். வந்தாள் ஒருத்தி, என் வயசுதான். பையைப் பிள்ளைகளின் அப்பாவிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அவர் அதை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றதை இரண்டு பேரும் மேலேயிருந்து பார்த்துச் சிரித்தோம். இன்னொரு தடவை ஏறலாமா என்று அவள் கேட்டாள். மணி ஒன்பதரை ஆகிவிட்டது. பொருட்காட்சி பத்தரை வரைக்கும் உண்டு. எங்கள் ஏரியாவுக்குக் கடைசி டவுன் பஸ் ஒன்பதே முக்காலுக்கு.